நான்கு குரல்களும் ஒரு கட்டுச்சோறு விருந்தும்

முதல் முறை அந்த இசையைக் கேட்டபோது ஹெட்போன் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

நாமக்கல்லில் லாரிகளுக்கும் டேங்கர்களுக்கும் பாடி கட்டும் ஒரு பட்டறையில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன். டிசைன் பிரிவு என்பது ஒரு கண்ணாடி அறை, இரண்டு கணினிகள், ஒரு ஏசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தகடு வெட்டுவார்கள், சுத்தியலால் அடிப்பார்கள், கிரைண்டர் பிடிப்பார்கள். அதற்குள் உட்கார்ந்து வரைபடம் போட வேண்டுமானால் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும். அன்று நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு முடிந்ததும், போன் தன் இஷ்டத்துக்கு வேறொன்றைப் போட்டது. பக்கவாத்தியம் எதுவும் இல்லை. ஒரு குரல் மெதுவாகத் தொடங்கியது. அது ஒரு வரியை முடிப்பதற்குள் இன்னொரு குரல் அதே வரியை முதலிலிருந்து தொடங்கியது. பிறகு மூன்றாவது. பிறகு நான்காவது.

ப்ளூடூத் பின்தங்குகிறது என்று முடிவு செய்தேன். இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். போனை அணைத்துப் போட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்தவரின் ஒயர் ஹெட்போனைக் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தேன். அதிலும் அதே கோளாறு. பதிவேற்றியவர் ஒழுங்காகப் பதிவேற்றவில்லை என்று அவரைத் திட்டினேன். அதற்குள் பாட்டு முடிவுக்கு வந்துவிட்டது. அதுவரை ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்த நான்கு குரல்களும் கடைசி ஸ்வரத்தில் ஒரே நேரத்தில் வந்து நின்றன. கண்ணாடிக்கு வெளியே யாரோ ஒரு தகட்டைக் கீழே போட்டார்கள். எனக்கு அது கேட்கவே இல்லை.

அது கோளாறு இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அன்று மாலைதான் தெரிந்தது. ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம் என்கிறார்களே, சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், அந்தக் காலத்து இசை. அந்த ஐந்நூறு ஆண்டில் அதை ரிப்பேர் செய்யக் கிளம்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எந்த விஷயத்திலும் இறங்குவதற்கு முன் பட்டியல் போடுவது என் வழக்கம். பட்டியல் போட்டவுடனேயே பாதி வேலை முடிந்துவிட்டது போல ஒரு நிம்மதி வரும். மீதிப் பாதி பெரும்பாலும் நடப்பதில்லை. கேட்க வேண்டியவை, படிக்க வேண்டியவை, வாங்க வேண்டியவை என்று மூன்று தலைப்பில் எக்செல்லில் ஒரு கோப்பு திறந்தேன். கேட்ட ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். ஒரு கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்பது போட்டிருப்பதைக் கவனித்தேன். தராசு கெட்டுவிட்டது என்று அந்தப் பத்தியையே அழித்தேன்.

என்னைக் குழப்பியது ஒன்றுதான். இதில் யார் முக்கியம்? நாம் கேட்டு வளர்ந்த பாட்டில் ஒருவர் பாடுவார், மற்றவர்கள் அவருக்குத் துணையாக இருப்பார்கள். இங்கே துணை என்று ஒருவர்கூட இல்லை. நான்கு பேரும் அவரவர் வரியை அவரவர் பாட்டுக்குப் பாடுகிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படியும் மோதிக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் நான்கு வரிகளையும் ஒரே தாளில் அச்சிடக்கூட மாட்டார்களாம். ஆளுக்கு ஒரு புத்தகம், அதில் அவர் பாட வேண்டிய வரி மட்டும். எங்கள் பட்டறை பாஷையில் சொன்னால், முழு வண்டியைக் காட்டும் அசெம்பிளி டிராயிங் இல்லாமல், தனித்தனி பாகத்தைக் காட்டும் பார்ட் டிராயிங்கை மட்டும் வைத்துக்கொண்டு டேங்கர் கட்டுவது. எங்கள் பட்டறையில் அப்படிக் கட்டினால் டேங்கருக்கு மூடி அடிப்பக்கம் வந்துவிடும்.

வாங்க வேண்டியவை பட்டியலில் முதலில் இருந்தது ரெக்கார்டர் என்கிற குழல். நேராகப் பிடித்து ஊதுவது. அந்தக் காலத்து வாத்தியம். ஆரம்பக்காரர்களுக்குச் சுலபம் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். பிளாஸ்டிக்கில் ஒன்று வரவழைத்தேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து ஊதிய முதல் மாலையே கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அம்மிணி, பஞ்சுமிட்டாய்க்காரன் வந்திருக்கறானா பாரு!"

ஒரு ஸ்வரம் மட்டும் எப்போதும் பிசிறியது. விரலில் குற்றம் என்று நினைத்து வாரக்கணக்கில் விரலைப் பழக்கினேன். கடைசியில் பார்த்தால் இந்தக் குழலில் இரண்டு வகை உண்டாம். துளை அளவில் சின்ன வித்தியாசம். நான் வாங்கியது ஆரம்பம் சுலபமாகவும் பிறகு எல்லாமே கஷ்டமாகவும் இருக்கும் வகை. துளையின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். துளை அளக்கும் வெர்னியர் கருவி என் மேஜை டிராயரிலேயே இருக்கிறது.

சரியான குழல் வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. இந்த இசையை ஒற்றை ஆள் வாசிப்பது, கேரம் போர்டை ஒற்றை ஆள் ஆடுவது போலத்தான். குழலைக் கீழே வைத்துவிட்டு, போனில் நான்கு வரிகளையும் நானே ஒவ்வொன்றாகப் பாடிப் பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நான்கு பேரும் நானே என்பதால் நான்கு பேரும் ஒரே இடத்தில் தடுமாறினோம். அஸ்தம்பட்டியில் மேற்கத்திய இசை சொல்லித் தரும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு சனிக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். அங்கே இருந்த ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிரேடு பரீட்சைக்கு இது வருமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். வராது என்றேன். அப்படியானால் மூன்று பேர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றார். நல்ல மனிதர்.

திரும்பி வந்து சமையலறையில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி சொன்னாள்.

"என்னைய சேத்துக்க அம்மிணி. எனக்கும் பொழுதே போவ மாட்டேங்குது."

அண்ணிக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அண்ணனுக்கு ஓசூரில் வேலை. வாரக் கடைசியில் வந்து போவான். மற்ற நாள்களில் வீட்டில் நானும் அப்பாவும் அம்மாவும் அண்ணியும் மட்டும். அவள் ஆட்டையாம்பட்டிக்காரி. வீட்டோடு தறி ஓடிய வீட்டில் வளர்ந்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், மெதுவாகப் பாடினாலும் தெளிவாக வந்து சேரும். அவள் சேர்ந்த கையோடு அம்மாவையும் இழுத்தாள். "அத்தை, நீங்களும் வாங்க. சும்மா சீரியலு பாத்து என்னத்தக் கண்டீங்க?" அம்மா சீரியலுக்கு வந்த அவமரியாதையைப் பொறுத்துக்கொண்டு, மருமகள் கூப்பிட்டதற்காக வந்தாள். அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. "நாலாவது ஆளுக்கு எங்க போவீங்க?" என்று அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மூன்று மாதமாகச் சேலம் வரை தேடிய மூன்று குரல்கள் ஒரே வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தன. என் பட்டியல் எதிலும் இவர்கள் பெயர் இல்லை.

ஆனால் நேரம் அதிகம் இல்லை. எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கட்டுச்சோறு விருந்து என்று ஒன்று செய்வார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சாதம் கட்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். எல்லாருக்கும் பரிமாறி, பெண்ணுக்கு வளையல் போட்டு, பிரசவத்துக்குத் தங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணி போனால் திரும்பி வர மாதங்கள் ஆகும். வரும்போது கையில் ஒரு குழந்தை இருக்கும். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு குரல்தான் கேட்கும். ஆகவே விருந்துக்கு முன்னால் ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு தடவை, முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை நான்கு குரலும் அறுந்துபோகாமல். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடைசி ஸ்வரத்தில் எல்லாக் குரல்களும் வந்து சேரும் இடத்துக்குள் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும்.

சுலபமான ஒன்றாகத் தேடினேன். அந்தக் காலத்தில் பலரும் விரும்பிச் செய்த ஒரு வகை இருந்தது. ஒரு குரல் வெறும் ஆறு ஸ்வரங்களை ஒவ்வொன்றாக நீட்டி நீட்டி மேலே ஏறும், அதே ஆறில் கீழே இறங்கும், மறுபடி ஏறும். அவ்வளவுதான் அதன் வேலை. மற்ற மூன்று குரல்களும் அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். ஏறி இறங்குகிற குரலை அப்பாவுக்குக் கொடுத்தேன். அம்மாவுக்கு மெல்லிய உச்சக் குரல், அவளுக்கு மேல் வரி. அண்ணிக்கும் எனக்கும் நடுவில் இரண்டு. ஆளுக்கொரு புத்தகம் என்கிற அந்தக் கால வழக்கப்படி, அவரவர் வரியை மட்டும் பாடிப் பதிந்து அவரவர் போனுக்கு அனுப்பினேன்.

அந்த ஆறு ஸ்வரங்களுக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர் உத், ரே, மி, ஃபா, சோல், லா.

"இதென்னது, மாட்டு மருந்து பேராட்ட இருக்குது?" என்றார் அப்பா.

"ஸ்வரம்ப்பா. நம்ம ச ரி க ம மாதிரி."

"எனக்கே வெளங்காதத நான் எப்புடிச் சாமி பாடறது? எதாச்சும் அர்த்தமாக் குடு."

அவராகவே யோசித்தார். அப்பா ஒரு காலத்தில் லாரி ஓட்டினார், பிறகு சொந்தமாக லாரி வைத்திருந்தார், எல்லாவற்றையும் விற்றுவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கீழே இறங்கி நின்று கத்துவானே, அதை எடுத்துக்கொண்டார். வர-லாம், வர-லாம், வர-லாம் என்று ஆறு படி ஏறினார். போ-லாம், போ-லாம், போ-லாம் என்று ஆறு படி இறங்கினார். கணக்குச் சரியாக இருந்தது. மறுமலர்ச்சிக் காலத்தில் லாரி இல்லை என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. அம்மாவுக்கு 'ஆ' என்று நீட்டச் சொன்னதில் வருத்தம். "பல்லு டாக்டருகிட்டப் போனாப்டி இருக்குது" என்று 'நா' என மாற்றிக்கொண்டாள்.

தனித்தனியாக மூவரும் அருமையாகப் பாடினார்கள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பாடினாள். அப்பா குளியலறையில் பாடினார். தெருமுனை வரை லாரி பின்னால் வந்தது. நான் எக்செல்லில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகப் பச்சை வண்ணம் அடித்துவிட்டு, முதல் கூட்டுப் பயிற்சிக்கு எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்தேன்.

அப்பா தொடங்கினார். அம்மா சேர்ந்தாள். அண்ணி சேர்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் 'வரலாம்' பாடிக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தி மறுபடி தொடங்கினோம். மறுபடி அதே. யாராவது ஒருவர் லேசாகத் தடுமாறினால் போதும், மற்றவர்கள் தங்கள் வரியை அங்கேயே போட்டுவிட்டு அவர் வரிக்கு ஓடிவிடுவார்கள். பாட்டு ஒரே வரியாகச் சுருங்கி, எல்லாரும் சந்தோஷமாகச் சேர்ந்து பாடி முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

"ஏம்மா உன்ற வரிய உட்டுட்ட?"

"அவரு பாவம், ஒத்தையில நின்னுட்டு இழுத்துட்டு இருக்கறாரு. பாத்துட்டு இருக்கச் சொல்றியா?"

"அப்படித்தான்மா இருக்கோணும். அவரு வரி அவருக்கு."

"நல்ல பாட்டுடி இது. ஊட்டுக்காரரத் தனியா உட்டுட்டு நான் பாட்டுக்குப் போறதா?"

அண்ணியிடம் கேட்டேன். அவளுடைய காரணம் வேறு.

"அத்தை நூல உட்டுட்டாங்க. நான் உடாமப் புடிச்சுட்டுப் பாடுனா, பாரு எனக்கு வருது, உனக்கு வருலன்னு சொல்றாப்டி ஆயிராதா? மரியாதையாவா இருக்கும் அம்மிணி?"

அப்பாவிடம் கேட்கவே வேண்டாம். அம்மாவின் குரல் நின்றால் அவர் பாட்டையே நிறுத்திவிட்டு "என்னாச்சு, தண்ணி வேணுமா?" என்பார்.

ஆக, பாடத் தெரியாதது இவர்களின் குறை இல்லை. யாரையும் தனியாக விடத் தெரியாததுதான். பட்டறையில் கோளாறு வந்தால் குறை, காரணம், தீர்வு என்று மூன்று கட்டம் போட்டு ஒரு தாள் நிரப்புவோம். நானும் நிரப்பினேன். தீர்வு ஒன்று, ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. நான்கு பேரையும் ஹாலின் நான்கு சுவர்களைப் பார்த்து நிற்க வைத்தேன். பாதியில் பக்கத்து வீட்டு அக்கா உறைமோர் வாங்கக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். நான்கு பேர் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு முனகுவதைக் கண்டார். சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்கக்கா, புள்ளத்தாச்சிக்கு எதாச்சும் பரிகாரமுங்களா?" என்று விசாரித்திருக்கிறார். அம்மா ஆமாங்க என்று சொல்லிவிட்டாள். இசை என்று விளக்குவதைவிட அது சுலபம்.

தீர்வு இரண்டு, காதில் பஞ்சு. அப்பா தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்று இரண்டு மடங்காகக் கத்தினார். தீர்வு மூன்று, 'துணைக்குப் போகக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அண்ணன் சனிக்கிழமை வந்து அதைப் படித்துவிட்டு, வீட்டில் யாருக்குள் என்ன சண்டை என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டான்.

நாள் நெருங்க நெருங்க நான் சிடுசிடுவென்று ஆனேன். அப்பாவை நிறுத்தி நிறுத்தித் திருத்தினேன். ஒரு மாலை அம்மாவிடம், "உன்னாலதான் கெடுதும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து சாதம் வைக்கப் போனாள். அதன் பிறகு பயிற்சிக்கு உட்கார்ந்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடினாள். அதனால் இன்னும் அதிகமாகத் தடுமாறினாள். அண்ணி இன்னும் வேகமாகத் துணைக்குப் போனாள். ஐந்நூறு ஆண்டுகளாக உலகத்தை அமைதிப்படுத்தி வரும் இசையைக் கொண்டு என் வீட்டில் நான் சாதித்தது இவ்வளவுதான். விருந்துக்கு முந்தின நாள் வரை ஒரு தடவைகூட முடிவு வரை போகவில்லை.

விருந்தன்று காலையிலேயே ஆட்டையாம்பட்டியிலிருந்து இரண்டு வேனில் அண்ணி வீட்டுச் சொந்தம், எங்கள் பேச்சில் ஒறம்பரை, வந்து இறங்கியது. புளிச்சோறு, எலுமிச்சங்காய்ச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று தூக்குப்போசிகள் வரிசையாக ஹாலுக்குள் வந்தன. எங்கள் பக்கத்திலும் கூட்டம். ஓசூரிலிருந்து வந்த அண்ணன், அப்பாவோடு லாரி ஓட்டிய பழைய ஆள்கள், சித்தப்பா, பெரியப்பா முறைக்காரர்கள். அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையலை அடுக்கினார்கள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாட்டின் கதை முடிந்தது என்று மனதில் அந்தக் கோப்பை மூடிவிட்டிருந்தேன். சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தை எல்லாரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா எழுந்து நின்றார்.

"என்ற புள்ள எங்களுக்கு ஒரு வெளிநாட்டுப் பாட்டு பழக்கி உட்டிருக்குதுங்க. மருமக போறதுக்கு முன்னால ஒருக்கா பாடீரலாம்."

"அப்பா, வேண்டாம்ப்பா."

"ஏன், என்னத்துக்கு வேண்டாம்?"

"இன்னும் ஒருக்காக்கூட முழுசா வரலப்பா."

அண்ணியின் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலத்துக்கு முன்னால கெளம்போணுமுங்க சம்பந்தி."

"அஞ்சு நிமிசந்தானுங்க."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் நாற்காலியிலிருந்து எழாமலே வளையல் குலுங்க என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். "வா அம்மிணி. வந்த வரைக்கும் வருட்டும். இன்னைக்கு உட்டா இனி எப்ப?"

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா தொடங்கினார். வர-லாம், வர-லாம், வர-லாம். பந்திப் பாயில் உட்கார்ந்திருந்த பழைய டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. போ-லாம், போ-லாம், போ-லாம். அம்மா மேலே நுழைந்தாள், குரல் நடுங்கியது. இதோ விடப்போகிறாள், இதோ அப்பாவிடம் ஓடப்போகிறாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டாவது முறை ஏறத் தொடங்கியபோது பாயிலிருந்து ஒருவர் கூடவே 'வரலாம்' என்றார். வயதானவர், எங்களுக்குப் பெரியப்பா முறை. தனியாக ஒரு மனிதன் நின்று இழுத்துக்கொண்டிருக்கும்போது அவரால் சும்மா இருக்க முடியவில்லை போலும். அடுத்த ஸ்வரத்தில் இன்னும் இரண்டு பேர். இறங்கும்போது சித்தப்பாக்கள் எல்லாரும். மூன்றாவது முறை ஏறும்போது பாதி ஒறம்பரை ஏறியது. ஆறே ஸ்வரம், ஒரு முறை கேட்டால் போதும். வார்த்தையோ ஊருக்கே மனப்பாடம். வேன் டிரைவர்கூட வாசலில் நின்று சேர்ந்துகொண்டார்.

போச்சு என்று நினைத்தேன். நான்கு குரல் சமமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குரலுக்கு நாற்பது பேர். திருத்துவதற்காகக் கையைத் தூக்கக்கூடத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன்.

அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. அவருக்குத்தான் இப்போது இவ்வளவு பேர் துணை இருக்கிறார்களே. கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, 'நா நா' என்று தன் வரியில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். குரலில் நடுக்கம் இல்லை. அத்தை தடுமாறாததால் அண்ணிக்கும் மரியாதைச் சிக்கல் இல்லை. அவள் கன்னத்துச் சந்தனத்தோடு, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அம்மாவின் வரிக்குக் கீழே நுழைந்து, வளைந்து, வெளியே வந்தாள். கீழே நாற்பது பேரின் குரல் தரை மாதிரி ஏறி இறங்கியது. அதன் மேல் அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சு, சுவர், ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஆளுக்குத் துணை சேர்த்திருந்தால் போதும். நான் வாரக்கணக்காகத் துணையை ஒழிப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசி முறை இறங்கினார்கள். அம்மா மேலேயிருந்து ஒவ்வொரு படியாக வந்தாள். அண்ணி ஒரு கணம் தாமதித்து நின்று, பிறகு இறங்கினாள். எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். பட்டறையில் நான் ஹெட்போனில் கேட்டதேதான். ஆனால் இதில் தயிர்ச்சோறு வாசமும் இருந்தது.

பிறகு கைதட்டினார்கள். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "ஆகட்டும், இனிப் பாட்ட ஆரம்பிங்க" என்றார்.

"முடிஞ்சு போச்சுங்ண்ணா."

"முடிஞ்சுதா? சரி சரி. நல்லாத்தான் இருந்துது."

அண்ணியின் அம்மா மறுபடி கடிகாரத்தைப் பார்த்ததும் வீடு முழுக்க ஒரே பரபரப்பு. பைகள் வேனுக்குப் போயின. காலியான தூக்குப்போசிகளை மூடியோடு ஜோடி பார்த்து ஏற்றினார்கள். அம்மா அண்ணியின் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, போகிற போக்கில் என்னிடம் கேட்டாள்.

"நீ ஏஞ்சாமி பாடல?"

"பாடுனேனேம்மா."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். தொடங்கினேனா? என் வரியின் முதல் ஸ்வரம் அப்பா இரண்டாவது முறை இறங்கும் இடத்தில் வர வேண்டும். அந்த நேரத்தில் நான் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கையைத் தூக்கினேன். அதன் பிறகு அம்மாவைப் பார்த்தேன். பாட்டு முடியும்வரை நான் வாயே திறந்திருக்கவில்லை. இந்த வீட்டில் மற்ற எல்லாரையும் அவரவர் வரியில் நிற்கச் சொல்லிச் சுவரைப் பார்க்க வைத்தவள் நான். அன்று பாட வேண்டிய இடத்தில் பாடாமல் இருந்த ஒரே ஆளும் நான். நான்கு குரலும் முழுசாக, அறுந்துபோகாமல் என்று நான் கேட்டது நடக்கவில்லை. நடந்தது மூன்றுதான்.

வேனின் ஜன்னலோரம் அண்ணிக்குத் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தார்கள். நான் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உன்ற வரி கேக்கவே இல்லியே அம்மிணி?"

"பாடல அண்ணி. மறந்துட்டேன்."

"மறந்துட்டியா! ஃபிரிட்ஜுல சட்டம் போட்டு ஒட்டுன ஆளு!" அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த அவள் அம்மா வயிற்றைப் பிடிக்கச் சொன்னார். "அப்பறம் என்ன பண்ணிட்டு இருந்த?"

"கேட்டுட்டு இருந்தேன்."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். "எங்க யாருக்குமே முழுசாக் கேக்கல தெரியுமா? எனக்கு என்றது மட்டுந்தான் கேட்டுது. அத்தைக்கும் அப்புடித்தான். மாமாவுக்கு அவரையே கேட்டிருக்காது. எப்புடி இருந்துது?"

மதிப்பெண் போட்டுப் பழகிய வாய், ஒன்பது என்று சொல்லப் பார்த்தது. வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவள் அம்மா நேரம் நேரம் என்றார்.

"சொல்லு சீக்கிரம்."

"நீ கடைசில ஒரு எடத்துல கொஞ்சம் நின்னுட்டு எறங்குனில்ல? அம்மா கீழ வந்ததுக்கு அப்பறம்?"

"ஆமா. அதென்ன தப்பா?"

"இல்ல. அந்த எடந்தான்."

வேன் நகர்ந்தது. அவள் தலையை வெளியே நீட்டி இன்னும் ஏதோ கேட்டாள். அவள் அம்மா உள்ளே இழுத்துவிட்டார். வேன் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே நன்றாக இருந்தது என்பதை அவளுக்கு முதலிலிருந்து ஒவ்வொரு இடமாகச் சொன்னேன். அவள் பாயின் மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டு நின்று கேட்டாள்.